சந்தனத்துக்கு அடியில் டகோட்டா

என் மாமியார் வீட்டு ஆயுத பூசையில், தையல் மிஷினுக்கும் அரிவாள்மணைக்கும் முன்னால், தனி வாழையிலையில் ஒரு அளவுகோல் படுத்திருக்கும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அதற்கென்று ஒரு தோல் உறை உண்டு. வருடம் முழுக்க உறைக்குள், உறை பீரோவுக்குள். பூசையன்று மட்டும் வெளியே வரும். மாமியார் அதன் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். புதிதாக வந்தவர்கள் யாராவது இது என்ன என்று கேட்பார்கள்.

"எங்க வூட்டுக்காரரு ப்ளேன் ஓட்டுனாரு. சைகோன்ல. இத வச்சுத்தான் ஓட்டுனாரு."

மாமனாரை நான் பார்த்ததில்லை. பாகூர்ப் பக்கம் பயிர்வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் சொல்தாவாக, அதாவது சாதாரணச் சிப்பாயாக, பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமின் சைகோனுக்குக் கப்பலேறியவர். அங்கே சண்டை முடிந்து திரும்பி வந்து, சில வருடம் கழித்துக் கல்யாணம் செய்து, நாற்பது வயதுக்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் மச்சான். அப்பா சாகும்போது அவர் சின்னப் பையன். இளையவள் என் மனைவி. அவள் அப்போது வயிற்றில் இருந்தாள். மாமியாருக்கு இன்றும் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அந்தத் தாளில் மாமனார் சொல்தா என்று மட்டும் இருக்கும், என்ன வேலை பார்த்தார் என்று இருக்காது. கடைசிப் படியில் இருக்கும் ஒரு சிப்பாயிடம் விமானத்தைக் கொடுத்து ஓட்டச் சொல்வார்களா என்று எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தோன்றியது. மாப்பிள்ளை கேட்கிற கேள்வியில்லை அது. கேட்கவில்லை.

அந்த அளவுகோலை வைத்து மாமியார் மகனை வளர்த்த விதத்தை எனக்கு முதலில் சொன்னவள் என் மனைவி. வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால், அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பீரோவைத் திறந்து அளவுகோலை எடுத்து மகன் கையில் கொடுப்பார். படி என்பார். சந்தனத்துக்கு நடுவே தெரிந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். மச்சானுக்குத் தமிழே தடுக்கும். எழுத்தெழுத்தாக முனகிக்கொண்டு நிற்பார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, அளவுகோலைக் கைகளின் மேல் வைத்து, வாசல் வெயிலில் நிறுத்திவிடுவார் அத்தை. கீழே விழுந்தால் அடி. தெருவில் போகிறவர்கள் ஏன் என்று கேட்டால் அவரே விளக்கம் சொல்வார்.

"இவங்கப்பன் ஆகாசத்துல பறந்தவன். அவன் வயித்துல இது பொறந்திருக்குது பாரு. தரையில நிக்கத் தெர்ல."

மனைவி இதைச் சொல்லும்போது மச்சான் நிற்பதைப்போலவே கையை நீட்டி, முழங்காலை மடக்கி நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். மச்சானும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

அவர் பத்தாவது தேறவில்லை. உழவர்கரையில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான். எந்தச் சிப்பத்தை எந்த லாரியில் ஏற்றுவது, எதை முன்னால் தள்ளுவது, எதைக் கடைசியில் வைப்பது என்று கீழே நின்று சொல்கிற வேலை. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று அத்தை சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகிறது: "லாரி மேல ஏறி நில்லுடா. உங்கப்பனுக்குப் பாதி ஒசரமாச்சும் வருவ."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பீரோ சாவி மச்சானிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், லாஸ்பேட்டையில் இருக்கிற என் வீட்டுக்கு மஞ்சள் பையோடு வந்தார். உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, இது என்னான்னு பாத்து சொல்லு."

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போடுவது என் அரசு வேலை. கோடு போட்டு எண் எழுதிய எந்தப் பொருளும் என் இலாகா என்று மச்சான் நினைத்திருந்தார்.

"அத்தைக்குத் தெரியுமா, மச்சான்?"

"தெரியாது. வர்றதுக்குள்ள வச்சுடலாம்." உறையை என் பக்கம் தள்ளினார். "எனக்கு அப்பா மொகமே நெனப்பில்ல. அவரப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அம்மா என்ன அடிக்கும்போது சொன்னதுதான். அவரு என்னாதான் பண்ணாருன்னு அம்மா இருக்கும்போதே தெரிஞ்சுக்கணும். வேற யாருக்கும் இல்ல, எனக்கு."

முதலில் உறையைப் பார்த்தேன். தடித்த பழுப்புத் தோல், மேலே மூடி, ஒரு பித்தளைப் பொத்தான். அடிமுனையில் தையல் விட்டிருந்தது. அதன் பக்கத்துத் தோலிலும் ஒரு சின்னக் கீறல். இரண்டையும் சேர்த்து யாரோ வலை பின்னுகிற நூலால் முரட்டுத் தையல் போட்டிருந்தார்கள். பழைய தோல்தானே, வயதானால் விடும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை வெளியே எடுத்தேன்.

எங்கு பார்த்தாலும் சந்தனம். ஒவ்வொரு வருடமும் பழசைத் துடைக்காமல் அதன் மேலேயே புதிதாக அப்பியிருக்கிறார்கள். பூசை செய்த பொருளைத் துடைப்பது தப்பு என்பது அத்தையின் கட்டளை. சந்தனம் காய்ந்து, குங்குமத்தோடு கெட்டிப்பட்டு, சுவரில் அடித்த சுண்ணாம்புபோல் ஏடு ஏடாக நின்றது. தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டினேன். கத்தி படக்கூடாது. மச்சான் எதிரில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். காயத்துக்குக் கட்டுப் பிரிப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது அவர் முகம்.

முதலில் கோடுகள் வந்தன. வெள்ளையாக இருந்து மஞ்சளேறிய சட்டம், நடுவில் நகர்கிற பட்டை, அதன் மேல் ஓடுகிற கண்ணாடித் தகடு, தகட்டில் ஒரு மயிரிழைக் கோடு. ஸ்லைடு ரூல் என்கிற நகரும் அளவுகோல் என்பது உடனே தெரிந்துவிட்டது. ஆனால் கல்லூரியில் நாங்கள் பெருக்கல் போடப் பயன்படுத்திய அளவுகோல் இல்லை. இதில் எண்களுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள் இருந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக ஒரு கோட்டு வரிசை. திசை பார்க்கிற கருவி என்று முதலில் நினைத்தேன். அதற்கு வட்டம் வேண்டும், இதில் வட்டமே இல்லை. குண்டு போடுவதற்கான கருவியோ என்றும் பார்த்தேன். அதற்கு உயரமும் வேகமும் குறித்திருக்க வேண்டும். இல்லை. எல்லா வரிசையிலும் இருந்தது ராத்தல், அதாவது பவுண்டு, எடைக் கணக்கு மட்டுமே.

பின்பக்கத்தைச் சுத்தம் செய்தபோது ஒரு விமானத்தின் படம் வந்தது. பக்கவாட்டில் அறுத்துக் காட்டியதுபோல் கோட்டுப் படம். அதன் வயிற்றைத் தடுப்புத் தடுப்பாகப் பிரித்து, தடுப்புக்கு ஒரு எழுத்து. அதே ஏ, பி, சி. கடைசியாக, அத்தை ஒவ்வொரு வருடமும் குங்குமம் வைத்த இடத்தைத் தொட்டேன். அங்கேதான் சந்தனம் மிகத் தடிப்பு. அது பெயர்ந்ததும் அடியில் அச்சடித்த எழுத்துகள் தெரிந்தன. கருவியின் பெயர், விமானத்தின் ரகம், அந்த ஒரு விமானத்துக்கே உரிய வரிசை எண். எல்லாம் இங்கிலீஷில். அமெரிக்கத் தயாரிப்பு. படித்தால் இது என்னவென்று தெரிந்துவிடும் ஒரே இடத்தில், வருடா வருடம் குங்குமம் வைத்து மூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ரகத்தையும் பெயரையும் போனில் போட்டுத் தேடினேன். பழைய விமானச் சாமான் சேர்க்கிறவர்கள் இதேபோன்ற கருவிகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். படத்தையும் பொருளையும் கோடு கோடாக ஒப்பிட்டேன். சந்தேகத்துக்கு இடமில்லை. லோட் அட்ஜஸ்டர். டகோட்டா என்று நம் ஆட்கள் சொல்கிற சரக்கு விமானத்துக்கு உரியது. அமெரிக்க விமானங்களைப் பிரெஞ்சுப் பட்டாளம் சைகோனில் ஓட்டியிருக்கிறது. அதனால் இங்கிலீஷ்.

"மச்சான், இது ஓட்டறதுக்கு இல்ல. சரக்கு ஏத்தறதுக்கு."

அவருக்குச் செய்து காட்டினேன். காலி விமானத்துக்கு ஒரு எண் உண்டு, மயிரிழைக் கோட்டை அதில் நிறுத்த வேண்டும். முதல் தடுப்பில் இவ்வளவு ராத்தல் என்றால் பட்டையை நகர்த்தி, கோட்டை அந்த எடைக்குத் தள்ள வேண்டும். அடுத்த தடுப்பு, அடுத்த எடை. பெட்ரோல், ஆட்கள், பெட்டி எல்லாம் முடிந்த பிறகு கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் வண்ணம் தீட்டிய ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் நின்றால் விமானம் கிளம்பலாம். தாண்டி நின்றால் மூக்கோ வாலோ தொங்கிவிடும்.

நான் முடிப்பதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

"முன்பாரம், பின்பாரம்! யோவ் மாப்ள, இது முன்பாரம் பின்பாரம் பாக்கறதுய்யா! நான் கண்ணால பாக்கறத இதுல கோட்டால பாக்கறான். அவ்ளோதான?"

"அவ்வளவுதான்."

"அப்ப அப்பா லோடு போட்டவரு."

எனக்குத் தெரிந்ததை மட்டும் சரியாகச் சொன்னேன். கருவி எதற்கென்று தெரியும், யார் கையில் இருந்தது என்று கருவி சொல்லாது என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. என் வீட்டுக் கூடத்தில், பக்கத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போக, அளவுகோலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா வெயிலில் நிறுத்திய அதே நிலை.

"எங்கப்பாரு என் வேல பாத்திருக்காரு மாப்ள. இதச் சொல்லாம அம்மா என்ன அடிச்சிருக்கா பாரேன்."

அந்த வருட ஆயுத பூசைக்குள் அத்தை வாக்கரைப் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். அன்று காலை மச்சான் தான் வேலை பார்த்த பழைய லாரி ஷெட்டுக்குப் போய்ப் பூசையில் கலந்துகொண்டு, நெற்றி நிறைய விபூதியும் கையில் பொரிப் பொட்டலமுமாக வந்தார். வாழைக்கன்று கட்டிய லாரிகளின் படங்களைப் போனில் எல்லோரிடமும் காட்டினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் பார்த்ததில்லை. கற்பூரம் காட்டி முடிந்ததும், வாழையிலையில் இருந்த அளவுகோலை எடுத்தார். நான் சுத்தம் செய்ததை அத்தை கவனித்திருந்தார், எதுவும் கேட்கவில்லை. சந்தனத்தை மட்டும் எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்திருந்தார்.

"அம்மா. அப்பா ப்ளேன் ஓட்டல. ப்ளேனுக்கு லோடு போட்டாரு. இது அதுக்கு உண்டானது. மாப்ள கண்டுபுடிச்சிட்டாரு. நான் ஷெட்டுல பாத்த அதே வேலதான் அவரும் பாத்திருக்காரு."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"அப்டியா மாப்ள?"

விளக்கமாகச் சொன்னேன். விமானம் ஓட்டுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஏற்றினவன் கணக்குத் தப்பினால் அவன் பிழைக்கமாட்டான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மையும்கூட. அத்தை முழுவதையும் கேட்டார். வாயில் ஒட்டியிருந்த வேர்க்கடலைத் தோலை விரலால் எடுத்துப் போட்டார்.

"ப்ளேன் ஓட்டறதுக்கு இல்லன்றீங்க."

"இல்ல அத்தை."

"செரி." மகனைப் பார்த்தார். "உங்கப்பன் லோடும் போடல."

"பின்ன?"

"சட்டி கழுவுனான். சைகோன்ல வெள்ளக்காரன் மெஸ்ஸுல காய் அரிஞ்சு சட்டி கழுவுனான். வர்ற அன்னிக்கு இது குப்பையில கெடந்துச்சாம். தோல் ஒற நல்லாருக்கே, கத்தி வச்சுக்கலாம்னு எடுத்தாந்தான். கல்யாணமான புதுசுல உள்ள இருந்த கோல தூக்கிப் போடறேன்னான், நான்தான் எடுத்து வச்சேன்."

என் மனைவி ஏதோ வேடிக்கை என்று சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப ப்ளேன் ஓட்டுனாருன்னது?"

"நான் கட்டுனது. அவன் செத்துட்டான், நீ இருந்த. ஒசர பாத்து வளரணும்னா மேல ஒரு ஆளு வேணும். வச்சேன். நீ எங்க வளந்த?"

"ஏம்மா, இத்தினி வருசம் சொல்லாம இப்ப எதுக்கும்மா சொல்ற?"

அத்தை பொரித் தட்டைக் கீழே வைத்தார். குரல் ஏறவே இல்லை. காய்கறி விலை பேசுவதுபோல் பேசினார்.

"நீதான அவன எறக்குன. நான் ஆகாசத்துல வச்சிருந்தத எறக்கி, உன் லாரி ஷெட்டுல, உன் பக்கத்துல நிக்க வக்கிற. என் வேல, என் வேலன்ற. உன்ன மாதிரி இருந்தான்னு எவனும் சொல்லக்கூடாது. அதுக்கு பதிலா அவன் சட்டி கழுவுனவனாவே இருந்துட்டுப் போவட்டும்."

அதன் பிறகு மருமகளை, மச்சானின் மனைவியை, கூப்பிட்டுச் சாப்பாட்டுக்கு இலை போடச் சொன்னார். போட்டார்கள். மச்சானும் உட்கார்ந்து சாப்பிட்டார். வடை இன்னொன்று வேண்டுமா என்று அத்தையே கேட்டுப் போடச் சொன்னார்.

கிளம்பும்போது நான் வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். மச்சான் பின்னாலேயே வந்தார். கையில் வெறும் உறை.

"மாப்ள, அம்மா வாய்க்கு வந்தத சொல்லும். என்ன நோவடிக்கணும்னா எதையும் சொல்லும். இது உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"நீ இத நல்லா பாத்தவன். ஒறையில கத்தி வச்சிருந்தா அடையாளம் எதுனா இருக்குமா? இருந்தா சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு, நான் நிம்மதியா போறேன்."

உறையை வாங்கித் திருப்பினேன். அடிமுனையில் வலைநூல் தையல். தையலைக் கொஞ்சம் விரித்து, உள்பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டிப் பார்த்தேன். கீறல் உள்ளே அகலமாகவும் வெளியே குறுகலாகவும் இருந்தது. கூர்முனை ஒன்று உள்ளிருந்து தோலைத் துளைத்து வந்தால்தான் அப்படி இருக்கும். அளவுகோலுக்கு முனை கிடையாது, மழுங்கின மூலைதான். உள்தோலில் விரல் விட்டுத் தடவினேன். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் சீவிச் சீவி வழவழப்பாகியிருந்தது. கத்தியின் வாய்ப் பக்கம்.

"இருக்கு மச்சான்," என்றேன். "கத்தி இருந்திருக்கு. ரொம்ப நாள் இருந்திருக்கு."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவர் உறையை வாங்கிக்கொண்டு, பொத்தானைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டார்.

"காய் அரியற கத்தி," என்றார்.

"அது தெரியாது. கத்தி."

"விடு மாப்ள." உள்ளே போய்விட்டார்.

போன வருடம் என் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பிள்ளைச்சாவடிக்காரர்கள், சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர்கள். ஆயுத பூசைக்கு அத்தை வீட்டுக்கு அவர்களையும் அழைத்திருந்தோம். எல்லாம் வழக்கம்போல. தையல் மிஷின், அரிவாள்மணை, வண்டிச் சாவிகள், முன்னால் தனி இலையில் அளவுகோல். அத்தைக்குக் குனிய முடியாததால், அந்த வருடம் சந்தனம் பூசுகிற வேலை மச்சானுடையது. கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தியம்மா கேட்டார். "இது என்னம்மா, ஸ்கேல் மாதிரி?"

"எங்க வூட்டுக்காரரு சைகோன்ல ப்ளேன் ஓட்டுனாரு," என்றார் அத்தை. "இத வச்சுத்தான் ஓட்டுனாரு. எங்க மாப்ளயக் கேளுங்க, அவருதான் எழுத்தெல்லாம் படிச்சுப் பாத்தாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகளும்தான்.

"டகோட்டா விமானத்தோட கருவி," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

"பாத்தீங்களா. பெரியவனக் கேளுங்க. டேய், சொல்றா. உங்கப்பா என்னா பண்ணாரு?"

மச்சான் நிமிரவில்லை. கட்டைவிரலில் சந்தனத்தை எடுத்து, முந்தின வருடச் சந்தனம் உதிர்ந்து விமானத்தின் பெயர் மறுபடி தெரிந்த இடத்தில் வைத்து அழுத்தினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"பைலட்டு," என்றார்.

"அடடா," என்றார் சம்பந்தியம்மா.

அத்தை நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அப்பற லட்சணத்தப் பாருங்க," என்றார் சம்பந்தியம்மாவிடம், சிரித்துக்கொண்டே. "சந்தனம் பூசக்கூடத் தெர்ல. எல்லாத்தையும் நானே பண்ணணும்."